கூரையைப் பிரித்து நிறம் ஏற்றிய தேக்குத் தரை

1. பேண்ட்டில் போட்ட ஒட்டு

“மேஸ்திரி, ஹால் நடுவுல தண்ணி தேங்கிப் பலகையெல்லாம் எழும்பி நிக்குது. உடனே வரணும்.”

மங்கை டீச்சர் போனில் இப்படிச் சொன்னபோது நான் கூடுவாஞ்சேரியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் முட்டி போட்டுத் தரைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன். அது நான் போட்ட தரை. ஏகாம்பரம் போட்ட தரை எழும்பி நிற்கிறது என்று நாலு பேர் பேசினால் எனக்கு ஆகாது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல்பட்டில் ஒரு மர அறுவை மில்லில் கட்டை தூக்கப் போனேன். தூக்கித் தூக்கியே மரத்தைக் கற்றுக்கொண்டேன். யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. இன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கடற்கரை வரை மரத்தரை என்றால் முதலில் வருவது என் பெயர்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என் வேலையைப் பார்க்க வேண்டும் என்றால் எந்த பங்களாவுக்கும் போக வேண்டாம், மங்கை டீச்சர் ஹாலுக்குப் போங்கள் என்பேன். அதனால்தான் அந்தக் கதையை எழுதுகிறேன்.

டீச்சரின் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. திருக்கழுக்குன்றத்தில் ஓதுவாராக இருந்தவரின் மகள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கு நடந்து போகும் தூரத்தில், அவருடைய அப்பா ஓட்டுக் கூரை போட்டு ஒரு பெரிய ஹால் கட்டி வைத்திருந்தார். அதில்தான் டீச்சர் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறார். சிமெண்டுத் தரையில் தட்டடவு போட்டுப் போட்டு பிள்ளைகளுக்கு முட்டி வலி வருகிறது என்று என்னிடம் வந்தார். அடியில் ரீப்பர் சட்டம் கொடுத்து, மேலே தேக்குப் பலகை இறக்கி, காலடிக்குத் துளி அசைந்து கொடுக்கிற மாதிரி தரை போட்டுக் கொடுத்தேன். வார்னிஷ் கிடையாது, வெறும் மெழுகு. வெறுங்காலில் ஆடுகிற இடத்தில் வார்னிஷ் வழுக்கும்.

நான் போய்ப் பார்த்தபோது ஓட்டின் மேல் தென்னை மட்டை விழுந்து நடுவில் உடைந்திருந்தது. ஆவணி மாதத்து மழை. அது பெய்தபோது டீச்சர் ஊரில் இல்லை. தண்ணீர் அப்படியே நின்று, ஹாலின் நட்ட நடுவில் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்குப் பலகைகள் கறுத்து, கிண்ணம் மாதிரி வளைந்திருந்தன. அவற்றைக் காப்பாற்ற முடியாது. எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டியதுதான்.

அங்கே டீச்சரின் தம்பி சம்பந்தம் சாரும் இருந்தார். சென்னையில் பேங்கில் வேலை. உடைந்த ஓட்டை ஒரு தடவை பார்த்தார், தரையை ஒரு தடவை பார்த்தார்.

“பேண்ட்ல ஒட்டுப் போடற மாதிரி இதுல ஒட்டுப் போட்டு என்ன பிரயோஜனம், மேஸ்திரி? மொத்தத்தையும் பேத்து எடுங்க. டைல் போட்டு, நடுவுல ரெண்டு சுவர் எழுப்பினா மூணு ரூம். ஹோம்ஸ்டேன்னு போர்டு வெச்சா சனி ஞாயிறு ஆள் நிக்கும்.”

“க்ளாஸ்?” என்றேன்.

“வேற எங்கயாவது நடத்தலாம். மாடி எத்தனை கெடக்கு.”

டீச்சர் ஈரமான அலமாரியிலிருந்து சலங்கைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த ‘பேண்ட்டு ஒட்டு’ என்ற பேச்சுதான் சுருக்கென்று தைத்தது. “சார், ஏகாம்பரம் போட்டா ஒட்டு தெரியாது.”

“அது எப்படித் தெரியாம இருக்கும்? பழசு தேன் கலர்ல இருக்கு. புதுசு வேற கலர்லதானே வரும்?”

“தெரியாதுன்றேன்.”

“சரி. விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைங்க சேர வருவாங்க இல்ல, அன்னிக்கு நானும் வர்றேன். எது ஒட்டுப் பலகைன்னு என் கண்ணால கண்டுபிடிச்சேன்னா ஹால் ரூமாயிடும். கண்டுபிடிக்கலைன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

“கண்டுபிடிச்சீங்கன்னா அந்த டைலை நானே ஒட்டித் தர்றேன், போங்க” என்றேன்.

டீச்சர் தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தார். சலங்கைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

2. வெயில்தான் என் பெயிண்டர்

புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தை நன்றாகப் படிக்க வேண்டும். மரத்தின் நிறம் நாம் போடும் அன்றைக்கு இருப்பது இல்லை. வெயில் பட்டால் மாறும். எந்த மரம் எப்படி மாறும் என்பது அந்தந்த மரத்தின் குணம். வெளிநாட்டிலிருந்து வருகிற பதாக் என்ற மரம் போட்ட அன்றைக்குக் குங்குமம் மாதிரி சிவந்து இருக்கும். வீட்டுக்காரர் ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். ஒரு கோடை போனால் காப்பிப் பொடி நிறத்துக்கு வந்துவிடும். வால்நட் நேர் எதிர். கறுப்பாக வந்து வெளுக்கும்.

தேக்கின் கதை தனி. இழைத்த அன்றைக்குத் தேக்கைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. பச்சையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். மங்கை டீச்சரே தரை போட்ட அன்றைக்கு, “என்ன மேஸ்திரி, புலித்தோல் விரிச்ச மாதிரி இருக்கு” என்று முகத்தைச் சுளித்தார். “ஜன்னலைத் தெறந்து வெய்யுங்க டீச்சர், மிச்சத்த வெயிலு பாத்துக்கும்” என்றேன். வெயில் பார்த்துக்கொண்டது. பச்சை போனது, கறுப்புக் கோடு அடங்கியது, ஒரே சீராகத் தேன் நிறம் வந்தது. டீச்சர் உட்கார்ந்து தாளத்துக்குத் தட்டுக்கழி தட்டுகிற இடத்தில் மட்டும் எப்போதும் பாய் கிடக்கும். அந்தப் பாயைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இன்னும் புலித்தோல்தான்.

ஆக, நடுவில் புதுத் தேக்குப் பலகை போட்டால் தேன் நிறத்துக்கு மத்தியில் பச்சைத் திட்டு. சம்பந்தம் சாருக்கு என்ன, கண் பார்வை மங்கினவருக்கும் தெரியும்.

என் தொழிலில் இருக்கிற மற்றவர்கள் இதற்கு ஸ்டெயின் அடிப்பார்கள். பழைய தரையைப் பார்த்து அதே சாயத்தைக் கலந்து புதுப் பலகையில் பூசிவிடுவார்கள். அன்றைக்கு அச்சு அசலாக இருக்கும். ஆனால் சாயத்துக்கு அடியில் மரம் சும்மா இருக்காது, அதுபாட்டுக்கு மாறிக்கொண்டே இருக்கும். சாயமும் வெளுக்கும். அடுத்த வருஷம் பார்த்தால் ஒட்டு தனியாகக் கண்ணைக் குத்தும். அப்போது பணம் வாங்கினவர் போனை எடுக்க மாட்டார். நான் ஸ்டெயின் டப்பாவைக் கடையில் வைத்துக்கொள்வதே இல்லை. வெயில் ஏற்றிய நிறத்துக்குப் பக்கத்தில் வெயில் ஏற்றிய நிறம்தான் நிற்கும்.

எனவே பலகைகளைப் போடுவதற்கு முன்பே வெயில் காட்டி எடுக்க வேண்டும். எங்கே காட்டுவது? கூடுவாஞ்சேரியில் என் பட்டறையைச் சுற்றி முன்பு வெறும் புல் காடு. இன்று நாலு பக்கமும் அபார்ட்மெண்ட். சூரியன் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் எழுந்து, கொஞ்ச நேரம் தலை காட்டி, அடுத்த கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். அந்த வெயில் சட்டை காயவே போதாது.

டீச்சர் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தேன். மீனவர் குடியிருப்பை ஒட்டி மீன் உலர்த்தும் களம் இருந்தது. மறைக்க ஒரு மரம் கிடையாது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை வெயில். மணலும் தண்ணீரும் திருப்பி அடிக்கிற வெளிச்சம் வேறு. வெயில் வேண்டும் என்கிறவனுக்கு இதைவிட நல்ல பட்டறை எங்கே கிடைக்கும்?

3. அஞ்சலை களம்

களத்தில் பெரிய கை அஞ்சலைதான். கருவாடு போட்டு மாமல்லபுரம், கல்பாக்கம் சந்தைக்கெல்லாம் அனுப்புகிறவள். அவளுக்கு முன்பு வீட்டுக் கதவு ஒன்று செய்து கொடுத்த பழக்கம் எனக்கு உண்டு.

தேக்குப் பலகைகளை மேல் பக்கம் சுத்தமாக இழைத்து, அடியில் குறுக்கே ரீப்பர் வைத்து ஸ்க்ரூவால் இறுக்கிக் கொண்டுபோனேன். இறுக்காமல் நேரடி வெயிலில் போட்டால் பலகை வளைந்துவிடும். மணல் ஒட்டாமல் இருக்க முழங்கால் உயரத்துக்குச் சவுக்குக் கட்டை நட்டு அதன் மேல் படுக்க வைத்தேன். பார்க்க வரிசையாகக் கட்டில் போட்ட மாதிரி இருந்தது.

“இன்னா அண்ணாத்த, கடலைப் பாத்துகினே தூங்கறதுக்கா?” என்றாள் அஞ்சலை.

“பலக காயணும், அஞ்சல. கொஞ்ச நாளு கெடக்கட்டும். நாயி கீயி ஏறாம பாத்துக்கோ. பொழுது சாஞ்சா தார்ப்பாய் போட்டு மூடிடு, பனி எறங்கக் கூடாது.”

“காயறதுக்கு இன்னா, தாராளமா காயட்டும். கருவாடு போட்டவளுக்குக் கட்டை போடத் தெரியாதா?”

இருவரும் சிரித்தோம். நான் கல்பாக்கத்தில் ஒரு வேலைக்குப் போய்விட்டேன்.

நான் திரும்பி வருவதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் புரட்டாசி பிறந்தால் பாதிப் பேர் கவுச்சியைத் தொட மாட்டார்கள். மீன் வாங்க ஆள் இருக்காது. விற்காத மீன் எல்லாம் உப்புக்குப் போய், உப்பிலிருந்து களத்துக்கு வரும். அந்த மாதத்தில் களத்தில் கால் வைக்க இடம் இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். பலகைக்கும் புரட்டாசிக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

களத்துக்குப் போய் நின்றேன். என் பலகைகளைக் காணோம். அவை இருந்த இடத்தில் வாளை மீன் நீள நீளமாக, வெள்ளித் தகடு அடுக்கின மாதிரி, ஓரத்திலிருந்து ஓரம் வரை படுத்திருந்தது.

“அஞ்சல! இன்னா பண்ணி வெச்சிகீற?”

“இன்னா பண்ணேன்? புரட்டாசி வந்துடிச்சி, ஒருத்தனும் மீனு வாங்க மாட்டேன்றான். எடம் வேணாவா? உன் பலக சும்மாதானே படுத்துகினு கீது. பாரு அண்ணாத்த, ஒரு மணலு ஒட்டல. எம்மா சுத்தமா காஞ்சிகீது! இனிமே எனக்கும் இதே மாரி நாலு போட்டுக் குடு.”

“அது வெயிலு படறதுக்கு வெச்சது!”

“காயணும்னு தானே சொன்ன? மீனுக்குப் பட்ட வெயிலு கட்டைக்குப் படாதா?”

“மீனுக்குக் கீழ எப்பிடி படும்?”

அஞ்சலை ஒரு வாளையைத் தூக்கினாள். அதன் அடியில் வால் நுனி முதல் வாய் வரை ஒரு வாளை. சுற்றிலும் மரம் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. மீன் படுத்த இடம் மட்டும் பச்சைக் கறுப்பு. இன்னொன்றைத் தூக்கினாள். அதற்கடியிலும் ஒன்று.

“ஐய, போட்டா புடிச்ச மாரி கீதே!” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினாள். “யாரு வூட்டுக்குப் போவுது இது?”

“மங்கை டீச்சர் ஹாலுக்கு.”

“போச்சுடா! அந்த வூட்டுல முட்டை கூட உள்ள போவாதே!”

4. தோல் அளவு நிறம்

பலகைகளைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மூக்கை வைத்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீரும் மீன் எண்ணெயும் நன்றாக இறங்கியிருந்தன. சேண்டிங் மிஷின் போட்டால் போகும். ஆனால் அதில்தான் சிக்கல். வெயில் ஏற்றுகிற நிறம் மரத்துக்குள் ஆழமாகப் போவது கிடையாது. தோல் அளவுதான். மிஷினை ஓட்டினால் மீனும் போகும், வாசனையும் போகும், ஏறின தேன் நிறமும் சேர்ந்து போகும். ஓட்டாமல் விட்டால் நடன ஹாலில் வாளை மீன் நீந்தும். திரும்பக் களத்தில் முதலிலிருந்து வெயில் காட்டி, அதற்குப் பிறகு கொண்டுவந்து இறக்கலாம் என்றால் நாள் இல்லை. இன்னும் தள்ளிப் போட்டால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகு கார்த்திகை வரை நல்ல வெயிலைப் பார்க்க முடியாது.

மறைப்பது என் வழக்கம் இல்லை. நேராக டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

“டீச்சர், ஒரு விஷயம். பலகை மேல மீனு காய வெச்சிட்டாங்க.”

டீச்சர், “என்ன மீன்?” என்று கேட்டார்.

“வாளை.”

“நான் இந்த ஜன்னலை என்னிக்கு மூடியிருக்கேன், மேஸ்திரி? காத்து இந்தப் பக்கம் திரும்பினா வர்ற வாசனை எனக்குப் புதுசா? நல்லா தேய்ச்சுட்டுப் போடுங்க. சம்பந்தத்துக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவன் ஏற்கெனவே சுவர் எங்கெங்க வரணும்னு சாக்பீஸ்ல கோடு போட்டுட்டுப் போயிருக்கான்.”

காட்டினார். மெழுகு தேய்த்த என் தரையில், டீச்சர் உட்கார்ந்து ஜதி சொல்லும் இடத்துக்குக் குறுக்கே, வெள்ளைக் கோடு. ‘பாத்ரூம்’ என்று சம்பந்தம் சார் எழுதிக்கூட வைத்திருந்தார்.

“தேய்ச்சா கலர் போயிடும் டீச்சர். கலர் போனா அவரு கண்டுபிடிச்சிடுவாரு.”

“நீங்கதானே தெரியாதுன்னு சொன்னீங்க?” என்றார் டீச்சர், கோபம் இல்லாமல். அதுதான் இன்னும் சுட்டது.

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். குனிந்ததும் நல்லதாகப் போயிற்று. சுவர் ஓரமாகத் தரையில் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு நிறம் கூடுதலாகக் கனிந்திருப்பதைப் பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தால் நேர் மேலே இல்லை, கொஞ்சம் தெற்கே தள்ளி, ஓடுகளுக்கு நடுவே வெளிச்சத்துக்காகப் பதித்த ஒரு கண்ணாடி ஓடு. அத்தனை காலமாக அந்த ஒரு ஓடு மதிய வெயிலை அதே இடத்தில் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் பலகையை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். பலகையை இப்போதே போட்டுவிட்டு, விஜயதசமி வரை வெயிலைப் பலகைக்கு இறக்க வேண்டியதுதானே?

“டீச்சர், கூரையப் பிரிக்கலாமா?”

“எவ்வளவு?”

“ஒரு வரிசை.”

“பிரிங்க” என்றார். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

5. கிழக்கு மேற்காக ஒரு வரிசை

பலகைகளை அப்பழுக்கில்லாமல் தேய்த்து, எண்ணெய் போக ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கெட்டுப்போன பகுதியில் இறக்கினேன். அதிலும் ஒரு நுணுக்கம் வைத்தேன். கதவு மாதிரி நேர்க்கோட்டில் வெட்டி ஒட்டவில்லை. பழைய பலகைகளைக் குட்டையும் நெட்டையுமாக அறுத்து, புதியவற்றை அவற்றின் இடுக்குகளில் கை கோத்த மாதிரி நுழைத்தேன். நிற வித்தியாசம் துளி இருந்தால்கூடக் கண் மன்னித்துவிடும். நேர்க்கோடு இருந்தால் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

பிறகு, உடைந்த ஓட்டை முன்பே மாற்றிக் கொடுத்திருந்த என் ஆள் முனுசாமியைக் கூரையில் ஏற்றினேன். அவன் ஒட்டுக்கு நேர் மேலே ஓட்டைத் தூக்கப் போனான்.

“டேய், அங்க இல்லடா. தெக்க தள்ளு.”

“ஒட்டு இங்கதானே கீது?”

“ஒட்டு அங்க கீது, சூரியன் எங்க கீது? புரட்டாசில அது தெக்க சாஞ்சிடும். நேரா பிரிச்சா வெயிலு வடக்க போயி பழைய பலகையில விழும். கண்ணாடி ஓட்டப் பாரு, அதோட வெயிலு எங்க விழுதுன்னு பாரு.”

பார்த்தான். தலையைச் சொறிந்தான். தெற்கே நகர்ந்தான்.

சூரியன் ஒரே இடத்தில் நிற்காது என்பதால் கிழக்கு மேற்காக நீளமாக ஒரு வரிசையை எடுத்தோம். கண்ணாடி ஓடு போட்டு மூடலாமே என்று முனுசாமி கேட்டான். கண்ணாடி வழியாக வருகிற வெயிலுக்குப் பாதி பலம்தான். எனக்கு முழு வெயில் வேண்டும். சட்டத்தின் மேல் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டி, கீழே இருந்து இழுத்தால் மூடிக்கொள்கிற மாதிரி கயிறு தொங்கவிட்டேன்.

மறுநாள் வெயில் உள்ளே இறங்கியதைப் பார்க்க வேண்டும். ஹாலுக்குள் ஒரு மஞ்சள் கம்பளத்தை விரித்த மாதிரி புதுப் பலகைகளின் மேல் அது ஏறி, மெதுவாக நடந்து, மறு பக்கம் இறங்கிப் போனது. டீச்சர் வகுப்பை நிறுத்தவில்லை. பிள்ளைகளை வெயிலைச் சுற்றி நிற்க வைத்து ஆடச் சொன்னார். “நிழல் விழக் கூடாது! வெயில்ல கால் வெக்காதே! ஏய், கையை மடக்கு, உன் முத்திரை தரையில விழுது!” என்று ஜதிக்கு நடுவே கத்திக்கொண்டிருந்தார். கூட்டிப்போக வந்த அம்மாக்கள் எட்டிப் பார்த்துவிட்டு, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார்கள். டீச்சர் அவர்களிடம் மீன் கதையையும் சேர்த்தே சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் விஷயம் தெரியாத ஒரே ஆள் சம்பந்தம் சார்தான்.

ஒரு மாலை மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் செங்கல்பட்டில் பஸ்ஸில் இருந்தேன். போனில், “கயிறு! கயிறை இழுங்க டீச்சர்!” என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “இழுத்தாச்சு, இழுத்தாச்சு, பிள்ளைங்க எல்லாம் தொங்கறாங்க” என்று பதில் வந்தது. ஒரு துளி உள்ளே விழவில்லை.

பச்சை முதலில் போனது. பிறகு கறுப்புக் கோடுகள் அடங்கின. விஜயதசமிக்கு முன் ஓடுகளைத் திரும்ப அடுக்கி, ஹால் முழுக்க ஒரே கையாக மெழுகு தேய்த்து, வாசலில் நின்று பார்த்தேன். போட்ட எனக்கே விரல் வைத்துத் தேட வேண்டியிருந்தது.

6. விஜயதசமி

அன்றைக்கு ஹால் நிறையக் கூட்டம். புதுப் பாவாடையில் குழந்தைகள், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, நடராஜருக்கு முன்னால் சலங்கைகளை அடுக்கிப் பூப் போட்டிருந்தார்கள். அஞ்சலையும் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, என்ன ஆகிறது பார்க்கலாம் என்று ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

சம்பந்தம் சார் வந்தார். நேராக நடுவுக்குப் போனார். நின்று பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். போனில் டார்ச்சைப் போட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடைமட்டமாகப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றேன். ஒரு இடத்தில் விரலை வைத்து, “இதானே?” என்றார்.

“அது நான் முதல்ல போட்ட பழைய பலகை, சார்.”

“அப்ப இது?”

“அதுவும் பழசுதான்.”

வேர்த்துப் போய் எழுந்தார். அந்த நேரம் பார்த்து வாசல் வழியாக ஒரு பூனை உள்ளே வந்தது. சாம்பல் நிறக் கடற்கரைப் பூனை. இத்தனை கூட்டத்தையும் மதிக்காமல், வாலைத் தூக்கிக்கொண்டு நேராக நடுவுக்கு நடந்தது. ஒரு இடத்தில் நின்றது. மோந்தது. பலகையை நக்கியது. பிறகு கன்னத்தை அதில் தேய்த்துத் தேய்த்து, புரண்டு, நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு படுத்தது.

மேல் தோல் சுத்தம்தான். பலகைக்குப் பலகை நடுவில் இருக்கிற காடியை நான் தேய்க்கவில்லை, அங்கே மிஷின் போகாது. மனித மூக்குக்கு எட்டாதது பூனைக்கு எட்டிவிட்டது.

அம்மாக்கள் முந்தானையால் வாயை மூடினார்கள். ஒருத்திக்கு அடக்க முடியவில்லை. சம்பந்தம் சார் எல்லோரையும் பார்த்தார். திரும்ப மண்டியிட்டு, பூனையை ஒதுக்கிவிட்டு, மூக்கை இடுக்கில் வைத்தார்.

“அக்கா! கருவாடா? இந்த வீட்டுலயா? நெத்திலியா இது?”

“ஐய, அது வாளை சார்” என்றாள் அஞ்சலை ஜன்னலிலிருந்து. “நெத்திலின்னு நெனச்சி மனசு ஒடிஞ்சிடாத.”

ஹாலே சிரித்தது. சம்பந்தம் சாருக்கு முகம் சிவந்தது. “அப்ப ஒட்டு இதான். கண்டுபிடிச்சாச்சு. மேஸ்திரி, டைல் ஒட்டறேன்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

“கண்ணால கண்டுபிடிக்கறேன்னு நீங்க சொன்னது ஞாபகம் கீதா சார்? உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா? பூனைகிட்ட நான் பந்தயம் கட்டல.”

“ஒட்டு ஒட்டுதான்!”

“கண்ணுக்குத் தெரியாதது எப்படி ஒட்டாவும்?”

குரல் ஏறிக்கொண்டே போனது. அப்போது தட்டுக்கழி ஒரு தடவை, ஒரே தடவை, மனைக்கட்டையில் விழுந்தது. டக்கென்று ஹால் அமைதியானது. டீச்சர் தன் பாயில் உட்கார்ந்தபடியே பேசினார்.

“ரெண்டு பேரும் முடிச்சாச்சா? சம்பந்தம், நீ கேட்டது ரூம். மேஸ்திரி, நீங்க கேட்டது பேரு. ரெண்டு பேருமாச் சேர்ந்து என் தரையை நடுவுல வெச்சுப் பந்தயம் கட்டினீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

சம்பந்தம் சார் தரையைப் பார்த்தார், நான் தூணைப் பார்த்தேன்.

“நான் அன்னிக்கே சம்மதிக்கலை. இப்பவும் இல்லை. ஒட்டு தெரிஞ்சாலும் க்ளாஸ் இங்கதான், தெரியாட்டியும் இங்கதான். பலகை கறுத்துப் போயிருந்தா கறுத்த பலகை மேல ஆடுவோம். ரூம் கட்டணும்னா பின்னாடி தென்னந்தோப்பு உன் பேர்ல கெடக்கு, அதுல கட்டு. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். இப்ப நகரு. குழந்தைங்க நிக்கறாங்க.”

சம்பந்தம் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் கழியை ஓங்கிவிட்டார். தையா தை என்று முதல் தட்டு விழுந்ததும் அத்தனை பிள்ளைகளின் காலும் ஒன்றாகத் தரையில் இறங்கியது. பூனை துள்ளி எழுந்து ஓடியது. அதற்குப் பின்னாலேயே சம்பந்தம் சார் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் நான்.

வெளியில் செருப்பைத் தேடிக்கொண்டே அவர் சொன்னார்: “எனக்குத் தெரியலைங்கறது நிஜம்தான், மேஸ்திரி.”

“எனக்கும் ஒரு எடத்துல சந்தேகம்தான் சார்” என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தை பிறந்ததும் தென்னந்தோப்பில் ரூம் எழும்பியது. அதற்குத் தரை போட அவரே என்னைக் கூப்பிட்டார். மரம் வேண்டும் என்றார். தோப்பு நிழலில் தேக்கு போட்டால் காலத்துக்கும் புலித்தோலாகவே இருக்கும், வெயில் இல்லாத இடத்துக்கு வேறு மரம் பார்க்கலாம் என்று சொல்லி, அதற்கேற்ற பலகையைக் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தேன். அதுவும் நல்ல வேலைதான். போய்ப் பார்க்கலாம்.

நான் சொல்ல வந்தது இதுதான். பலகையை யாரிடமாவது ஒப்படைத்தால் ‘காய வேண்டும்’ என்று சொல்லாதீர்கள். ‘வெயில் படவேண்டும், மேலே ஒன்றும் வைக்கக் கூடாது’ என்று சொல்லுங்கள். ஸ்டெயினை நம்பாதீர்கள், ஒட்டின் நேர்க்கோட்டை உடையுங்கள், காடியையும் கையால் தேயுங்கள். இதெல்லாம் தொழில், செய்யச் செய்ய யாருக்கும் வந்துவிடும். எனக்கு இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த ஹாலில் வந்தது வேறு. முன்பெல்லாம் வேலை பேசப் போனால் வீட்டில் யார் குரல் ஓங்கி இருக்கிறதோ அவரிடம் பேசுவேன். இப்போது உள்ளே போனதும் டேப்பை எடுப்பதற்கு முன், இந்தத் தரையில் நாள் முழுக்க நிற்கப் போகிறவர் யார் என்று கேட்கிறேன். அவரை முன்னால் வரச் சொல்லி, அவரிடம்தான் பேச ஆரம்பிக்கிறேன்.